இரண்டாவது கார்டு கேட்கும் பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

புதிதாகச் செருகிய இரண்டாவது கிராபிக்ஸ் கார்டின் விசிறி சுற்றுகிறது, விண்டோஸ் மட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். கார்டு பழுது என்று முடிவுகட்டிக் கடைக்கு ஓடாதே. வீட்டுக் கணினி பெரும்பாலும் ஒரே கார்டை எண்ணிக் கட்டப்படுவது. இரண்டாவது வந்ததும் மின்சாரம், தரவுப் பாதை, நினைவக முகவரி, டிரைவர் ஆகிய நான்கிலும் அதற்குப் பங்கு வேண்டும். எந்தப் பங்கு கிடைக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் கார்டின் மேல் உள்ள சந்தேகத்தைத் தீர்த்துக்கொள். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்து; மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பழைய கார்டைக் கழற்றி, புதியதை மட்டும் முதல் ஸ்லாட்டில் செருகிப் பார். படம் வந்தால் கார்டு நல்லது. அடுத்து, பழைய கார்டை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார். அது ஓடினால் ஸ்லாட்டும் நல்லது. இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள்தான் நாள்கணக்கில் அலைகிறார்கள்.

விசிறி சுற்றுவதாலேயே போதிய மின்சாரம் வருகிறது என்று நம்பிவிடக் கூடாது. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஆறு பின் இணைப்பு இன்னொரு 75, எட்டு பின் இணைப்பு 150. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றுக்கே 170 வாட் வேண்டும். அப்படி இரண்டு என்றால் 340. அதற்கு மேல் பிராசஸருக்கும் மற்றவற்றுக்கும் கொடுக்க 450 வாட் பவர் சப்ளையால் முடியாது. கேம் ஓடும்போது கணினி சட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். ஒரே கேபிளின் இரண்டு தலைகளை இரண்டு கார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்காதே. ஒவ்வொன்றுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் போகட்டும்.

ஸ்லாட்டின் நீளமும் ஏமாற்றும். விலை குறைந்த பல மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் பார்வைக்கு 16 பாதை, உள்ளே 4 பாதைதான். எம்.2 எஸ்எஸ்டி செருகியதும் ஒரு ஸ்லாட் செயலிழந்துவிடும் போர்டுகளும் உண்டு. கையேட்டில் இதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படி.

டிவைஸ் மேனேஜரில் பிழை எண் 12 வந்தால், கார்டுக்கு முகவரி ஒதுக்க இடமில்லை என்று பொருள். பயாஸில் ‘அபவ் 4ஜி டீகோடிங்’ என்பதை இயக்கினால் பெரும்பாலும் தீரும். அதற்காகச் சில போர்டுகளில் சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைக்க வேண்டிவரும். எம்பிஆர் முறையில் நிறுவிய விண்டோஸ் அப்போது எழாது. உன் வட்டு எந்த முறையில் இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்.

டிரைவர் சிக்கல்தான் மிகவும் வயிற்றெரிச்சல் தருவது, ஏனென்றால் இரண்டு கார்டுமே நன்றாக இருக்கும். விஸ்டா காலத்தில் எல்லாக் கார்டுகளும் ஒரே டிரைவரில் ஓட வேண்டியிருந்தது. விண்டோஸ் 7 முதல் ஏஎம்டி, என்விடியா கார்டுகள் தத்தம் டிரைவரோடு ஒரே பெட்டியில் இருக்கலாம். ஆனால் இரண்டுமே என்விடியா என்றால், வழக்கமாக இரண்டுக்கும் ஒரே பதிப்புதான். உதாரணமாக, ஜிடிஎக்ஸ் 560க்கு 2018 மார்ச்சில் வந்த 391.35 வரிசையோடு ஆதரவு முடிந்தது. ஆர்டிஎக்ஸ் 3060 வந்ததே 2021இல். அவை இரண்டையும் சேர்த்து வைத்தால் ஏதாவது ஒன்று சும்மா கிடக்கும். இப்படிப்பட்ட ஜோடிக்குப் பொழுதைச் செலவழிப்பதைவிடப் பழையதைக் கழற்றி வைப்பதே நல்லது.

எல்லாம் சரியானாலும் கேம் இருமடங்கு வேகமாக ஓடும் என்று எதிர்பார்க்காதே. இரண்டு கார்டுகளை ஒரே கேமில் சேர்த்து ஓட்டும் முறைக்கு எஸ்எல்ஐ என்று பெயர்; 2021 முதல் என்விடியா அதற்குப் புதிய புரொஃபைல்கள் தருவதை நிறுத்திவிட்டது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் அதற்கான இணைப்பே இல்லை. ஆனால் பிளெண்டரில் படம் உருவாக்கவும், மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டவும் இரண்டாவது கார்டு நிஜமாகவே உழைக்கும்.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் இருமுறை சொடுக்கி எண்ணைப் பார். அந்த எண், மதர்போர்டின் மாடல், பவர் சப்ளையின் வாட், இரண்டு கார்டுகளின் பெயர் எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்