மஞ்சள், மிளகு, மாத்திரை

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேரின் சாவுக்கு நேரடிக் காரணமாயின. 'மூலிகை சேர்த்தால் ஆன்டிபயாடிக் மறுபடி வேலை செய்யும்' என்ற பேச்சு இப்போது பரவிவருகிறது. அதில் எது சரி, எது தவறு?

நம்பிக்கை: இயற்கைப் பொருளும் ஆன்டிபயாடிக்கும் எதிரெதிர்.

உண்மை: பெனிசிலினே பூஞ்சை தந்ததுதான். மருந்துக் கடையில் 'ஆக்மென்டின் 625' என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் இருப்பது 500 மி.கி. அமாக்சிசிலினும் 125 மி.கி. கிளாவுலானிக் அமிலமும். இந்த அமிலம் மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்று சுரப்பது. தனியாக இதற்குக் கிருமியைக் கொல்லும் வலு குறைவு. ஆனால், அமாக்சிசிலினைச் சிதைக்கக் கிருமி ஏவும் நொதியை இது முடக்கிவிடும்.

நம்பிக்கை: அப்படியானால் மாத்திரையோடு மிளகு, மஞ்சள் போட்ட பால் குடித்தால் போதும்.

உண்மை: சில பாக்டீரியாக்கள் உள்ளே நுழைந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியில் அப்படி இறைக்கும் புரதத்தை மிளகின் பைபரின் தடுக்கிறது, அதனால் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் குறைந்த அளவிலேயே வேலை செய்கிறது என்று ஜம்மு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது சோதனைக்கூடத்தில். அங்கே பயன்படுத்தும் செறிவு மிளகு ரசம் குடித்தால் ரத்தத்தில் வந்துவிடாது. மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் சேர்வதும் சொற்பமே. போதாக்குறைக்கு, சிப்ரோஃபிளாக்சசினைப் பாலோடு விழுங்கினால் பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். உடலில் சேரும் அளவு குறையும்.

நம்பிக்கை: மூலிகைதானே, கூடினாலும் கெடுதல் இல்லை.

உண்மை: காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடு 10 மி.கி. பைபரின் சேர்த்த மாத்திரைக்கு இந்தியாவில் அனுமதி உண்டு. பைபரின் சேர்வதால், வழக்கமாக 450 மி.கி. கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதில் 200 மி.கி. மட்டுமே. வெறும் 10 மி.கி.க்கு இவ்வளவு வேகம். இதே பைபரின் வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினின் அளவையும் ரத்தத்தில் ஏற்றக்கூடும்.

நம்பிக்கை: புதிய சேர்மங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, கவலை வேண்டாம்.

உண்மை: கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2014-இல் பூஞ்சையிலிருந்து எடுத்த ஒரு சேர்மம், ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கும் என்டிஎம்-1 என்ற நொதியை முடக்கி, மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக்கை மீண்டும் வேலை செய்யவைத்தது. வேலை செய்தது எலிகளில். எலியிலிருந்து நோயாளிவரை வர, நச்சுத்தன்மை, அளவு, பக்கவிளைவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டும்.

அதுவரை, கையில் இருக்கும் மருந்துகளைக் காப்பாற்றுவோம். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். மூலிகைக் கேப்சூல் எதையாவது சாப்பிட்டுவந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.