கதை எழுதிய கை ஆய்வறிக்கை எழுத...

கல்லூரி மலரில் கதை எழுதிப் பாராட்டு வாங்கியவர்கள்கூட ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்றதும் தடுமாறுவார்கள். கதையில் முடிவைக் கடைசிவரை மறைத்து வைக்கலாம். அறிக்கையில் அது தொடக்கச் சுருக்கத்திலேயே வந்துவிட வேண்டும். ஆனால் அந்தச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் செய்முறை. செய்ததைச் செய்தபடி சொன்னால் போதும், கை ஓடத் தொடங்கிவிடும்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் கதையில் உறுத்தும், இங்கே அதுதான் சரி. அழகுக்காக 'வெப்பநிலை'யை அடுத்த வரியில் 'வெப்பம்' என்று மாற்றினால் பொருளே மாறிவிடும்: முன்னதன் அலகு கெல்வின், பின்னதன் அலகு ஜூல்.

'தண்ணீர் சீக்கிரமே சூடேறியது' வேண்டாம். '250 மி.லி. நீர் 6 நிமிடங்களில் 30 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரியை எட்டியது' என்றால்தான் இன்னொருவர் சரிபார்க்க முடியும். வியப்பு, ஏமாற்றம் எல்லாம் டைரிக்கு.

அளந்தது 'முடிவுகள்' பகுதியில். ஏன் அப்படி வந்தது என்பது 'விவாதம்' பகுதியில். இரண்டையும் கலந்தால் மதிப்பெண் போகும்.

கொடுக்குமுன் வகுப்புத் தோழர் ஒருவரிடம் செய்முறைப் பக்கத்தை மட்டும் நீட்டுங்கள். அவர் எங்கே சந்தேகம் கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.