தாய் திரும்பி வரும் வேளை

தாய் அகன்றதும் வீறிட்டழும் பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்கிறோம். அழாததைச் சமர்த்து என்கிறோம். மனோதத்துவ நிபுணர் அப்படித் தீர்ப்பிடுவதில்லை.

மேரி எய்ன்ஸ்வர்த் அம்மையார் 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் சிசுக்களையும் அவர்கள் வீடுகளிலேயே கவனித்தவர். பிற்பாடு, 1960களில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு பரீட்சை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தை, விளையாட்டுச் சாமான்கள் உள்ள புது அறை, தாய், முன்பின் அறியாத ஒரு பெண். தாய் இருமுறை வெளியே போய் இருமுறை திரும்புகிறாள். எல்லாம் சுமார் 20 நிமிஷம். பிள்ளை மிகவும் அழுதால் பிரிவைச் சுருக்கிவிடுவார்கள்.

எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்தது என்பதே கணக்கு. அவளிடம் ஓடி, தேறி, மறுபடி விளையாடப் போகும் பிள்ளைக்கு அவள்மேல் உறுதியான நம்பிக்கை உண்டு. சில பிள்ளைகள் தூக்கச் சொல்லிக் கைநீட்டும், தூக்கினால் உதைக்கும். வேறு சில முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையையே பார்க்கும். நாம் மெச்சும் சமர்த்துப் பிள்ளைகளில் இவையும் உண்டு! ஆனால் நெஞ்சுத் துடிப்பை அளந்தபோது, அது உள்ளே வேகமாய் அடித்துக்கொண்டிருந்தது.

தகப்பனை வைத்தும் இதே பரீட்சை நடத்துவதுண்டு. தாயிடம் ஒருவிதமாயும் தகப்பனிடம் வேறுவிதமாயும் அதே பிள்ளை நடந்துகொள்ளலாம்.