நான்கு என்று எப்படி எண்ணினார்கள்?

மேல்நிலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் புரதங்களின் நான்காம் நிலை அமைப்பை நடத்திக்கொண்டிருந்தேன். சில புரதங்களில் நான்கு பாலிபெப்டைடு சங்கிலிகள் சேர்ந்திருக்கும் என்றதும் ஒரு மாணவி எழுந்தாள். "நான்கு என்று எப்படி டீச்சர் எண்ணினார்கள்?" "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே உறுத்தியது.

மறுநாள் 20 பேரை நால்வர் நால்வராக, குழுக்களுக்கு இடையே நல்ல இடைவெளி விட்டு மைதானத்தில் நிறுத்தினேன். ஒரு குழு ஒரு புரதம். ஒருவர் ஒரு சங்கிலி. "கலையுங்கள்" என்றதும் தனித்தனியாக வந்தனர். எத்தனை பேர் சேர்ந்து நின்றார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. ஆய்வகத்தில் எஸ்.டி.எஸ். என்னும் சோப்புத்தன்மையுள்ள பொருள் புரதத்தை இப்படித்தான் பிரிக்கிறது.

அடுத்த முறை சிலரிடம் குட்டைக் கயிறுகளைக் கொடுத்து, எட்டுகிற தூரத்தில் இருப்பவரின் மணிக்கட்டோடு தளர்வாக முடிந்துகொள்ளச் சொன்னேன். கலைந்தபோது ஒருவர், இருவர், மூவர், நால்வர் என வந்தனர். ஐவர் வரவே இல்லை!

அந்தக் கயிறுதான் குறுக்குப் பிணைப்பு வினைபொருள். டைமெத்தில் சூபரிமிடேட்டின் இரு முனைகளும் லைசினின் அமினோ தொகுதியோடு வினைபுரியும். இடைவெளி ஏறத்தாழ 1 நானோமீட்டர். 1970இல் டேவிஸ், ஸ்டார்க் இருவரும் இதைப் பயன்படுத்தி, மின்புலத்தில் கூழ்மத்தின் வழியே புரதத்தை ஓடவிட்டுச் சங்கிலிகளை எண்ணும் முறையை வெளியிட்டனர். ஆல்டோலேஸின் ஒரு சங்கிலி சுமார் 40,000 டால்டன். பிணைத்தபின் அதன் ஒரு மடங்கு, இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு நிறையில் நான்கு பட்டைகள் தெரியும்.

மூன்றாம் முறை எல்லாக் குழுக்களையும் நெருக்கி நிறுத்தினேன். ஏழு பேர் ஒரே கட்டாக வந்தனர். "பக்கத்துக் குழுவையும் கட்டிவிட்டோம்" என்று மாணவர்களே காரணம் கண்டனர். ஆய்வகத்தில் புரதக் கரைசலை நீர்க்கச் செய்வது இதற்காகத்தான். கயிறு விழவில்லை என்பதாலேயே இருவரும் தொலைவில் நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. முடிந்துகொள்ள ஏற்ற இடத்தில் லைசின் இல்லாமலும் போகலாம்.

பிறகு ஆய்வக அலமாரியில் ஃபார்மலினில் கிடக்கும் தவளையைக் காட்டினேன். ஃபார்மால்டிஹைடும் புரதங்களைப் பிணைப்பதால்தான் தசை விறைக்கிறது. நம் தோலும் புரதமே. எனவே புட்டியைத் திறக்கவில்லை.

இந்தச் செயல்பாட்டுக்கு ஒரு பாடவேளையும் சில கயிறுகளும் போதும். விடை தெரியாத கேள்வி வந்தால், இப்போதெல்லாம் "நாளை சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்கிறேன்.