மடியில் வைத்துக் கொடுத்த குழந்தை, ஸ்டாம்ப் பேப்பரில் நிற்குமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். கல்யாணமாகி 14 வருஷம், குழந்தை இல்லை. ஓசூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஒரு பெண், ஒரு பையன். மூன்றாவதாகப் பிறந்த பெண்ணைப் பேர் வைத்த அன்றே எங்கள் மடியில் வைத்துக் கொடுத்துவிட்டார். அவளுக்கு இப்போது நாலு வயது. 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் நாத்தனாரும் என் கணவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி சீல் வாங்கினோம். நாத்தனாரின் கணவர் அன்று கூடவே நின்றார், கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவர், எங்கே என்றே தெரியவில்லை. எல்.கே.ஜி. சேர்க்கப் போனால், பிறப்புச் சான்றிதழில் அவர்கள் பேர் இருக்கிறதே என்கிறார்கள். எங்கள் பேரை எப்படி ஏற்றுவது? போலீஸ், கேஸ் என்று வருமா? நாத்தனார் மனசு மாறினால்? இதற்கிடையில் தெரிந்த நர்ஸ் ஒருவர், “இன்னும் இரண்டு மாதத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம். இப்போதே ஒப்பந்தம் எழுதிக்கொண்டால், ஆஸ்பத்திரியிலேயே உங்கள் பேரில் பதிந்துவிடலாம்” என்கிறார். இன்னொரு குழந்தை ஆசையும் இருக்கிறது. கணவருக்கு 44, எனக்கு 39. நாங்கள் இந்துக்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த நர்ஸிடம் இன்றே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊரிலேயே நடந்ததுதான். 2020 மே மாதம் சாமராஜபேட்டை மாநகராட்சி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை ஒன்று திருடு போனது. ‘வாடகைத் தாய் மூலம் பிறந்த உங்கள் குழந்தை’ என்று நம்பவைத்து, ஒரு வடகர்நாடகத் தம்பதிக்கு அதை விற்றுவிட்டார்கள். ஓராண்டு கழித்துப் போலீஸ் கண்டுபிடித்தது. 2021-ல் வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, “பெற்றவளுக்கு வேறு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு யாருமில்லை” என்று வாதாடினார் வளர்த்த தாய். எண்ணிக்கை பார்த்துப் பங்கு போடக் குழந்தை பொருளல்ல என்று நீதிபதி கிருஷ்ண எஸ். தீட்சித் அதை ஏற்கவில்லை. வளர்த்தவர் ஏமாற்றப்பட்டவர்தான். பாசத்திலும் குறையில்லை. ஆனாலும் குழந்தை பெற்றவளிடமே போனது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றவள் பெருந்தன்மையாகச் சொன்னது மட்டுமே வளர்த்தவருக்கு மிஞ்சியது.

குழந்தை வழக்குகளில் சட்டம் முதலில் பார்ப்பது, குழந்தை எந்த வழியாக உங்கள் வீட்டுக்குள் வந்தது என்பதைத்தான். எவ்வளவு பாசம் வைத்தீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நர்ஸ் காட்டும் வழியில், பிறக்காத குழந்தைக்கு ஒப்பந்தம் போடுவது சட்டம் அறியாத ஒன்று. கர்நாடக உயர் நீதிமன்றம் 2022-ல் அப்படித்தான் சொன்னது. பெறாத பிள்ளையைப் பெற்றதாகப் பதிவது பொய் ஆவணம். பணம் கைமாறினால் சிறார் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவுப்படி 5 ஆண்டு வரை கடுங்காவல். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை.

இனி, உங்கள் மகள். அவள் வந்தது நேர்வழி. அதை நிரூபிக்கும் காகிதத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி தத்து என்பது செயல். கொடுப்பவர் கொடுக்க வேண்டும், எடுப்பவர் எடுக்க வேண்டும். தத்த ஹோமம்கூடக் கட்டாயமில்லை. 15 வயது நிரம்பாத, ஏற்கெனவே தத்துப் போகாத குழந்தையாக இருக்க வேண்டும். எடுப்பவர்களுக்கு மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. பெண் குழந்தையை எடுக்கும் ஆணுக்கு அவளைவிட 21 வயதாவது கூடுதலாக இருக்க வேண்டும். எடுக்கும் ஆணின் மனைவி சம்மதிக்க வேண்டும். இத்தனையிலும் நீங்கள் தேறிவிடுகிறீர்கள். ஆக, மடியில் வைத்துக் கொடுத்தது பெரிய விஷயம். ஸ்டாம்ப் பேப்பர் சின்ன விஷயம். நோட்டரி சீல் அதைவிடச் சின்னது: அது கையெழுத்துக்குச் சாட்சி சொல்லும், தத்தை உண்டாக்காது.

சிக்கல் குழந்தையின் அப்பாவிடம் இருக்கிறது. 9-ஆம் பிரிவுப்படி தாய் கொடுத்தால் தந்தையின் சம்மதம் வேண்டும், தந்தை கொடுத்தால் தாயின் சம்மதம் வேண்டும். விதிவிலக்கு மூன்றே: அவர் உலகைத் துறந்திருக்க வேண்டும், இந்துவாக இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். ‘வீட்டை விட்டு ஓடிப்போனவர்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால், நீங்கள் தத்தெடுத்த அன்று அவர் ஓடிப்போகவில்லையே! அன்றைய சம்மதம்தான் கணக்கு. அதை எழுத்தில்தான் தர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அதற்காக, கூட நின்றதே சம்மதம் என்றும் ஆகிவிடாது. கிசாலால் எதிர் தாபுபாய் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், தத்தெடுத்தவரின் மனைவியைப் பற்றிப் பேசுகையில், சடங்கில் இருந்ததும் சும்மா இருந்ததும் சம்மதமாகாது, விரும்பிச் செய்த செயல் தெரிய வேண்டும் என்றது. எதிர்த்தரப்பு இதை உங்கள் விஷயத்திலும் எடுத்து வைக்கும். எனவே பேர் வைத்த நாளின் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் தேடுங்கள். அவரே குழந்தையைத் தூக்கிக் கொடுக்கும் படம் ஒன்று கிடைத்தால் போதும், வழக்கின் முகமே மாறிவிடும். அன்று வந்திருந்த பெரியவர்கள் யார் யார் என்றும் எழுதி வையுங்கள்.

அடுத்து, அவரைத் தேடுங்கள். அவருடைய பெற்றோர், அண்ணன் தம்பிகள், கூட வேலை பார்த்தவர்கள் என்று விசாரியுங்கள். கிடைத்துவிட்டால் வேலை சுலபம். பழைய பேப்பரை இப்போது பதிய முடியாது, எழுதி 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அன்று நடந்த தத்தை விவரித்துப் புதிதாகத் தத்துப் பத்திரம் எழுதி, கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் கையெழுத்திட்டு, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு செய்யுங்கள். பதிவான பத்திரம் இருந்தால் தத்து முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தோடு ஓசூரில் பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பெற்றோர் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். பெங்களூரில் அது நடக்காது.

அவர் கிடைக்காவிட்டால் இரண்டு வழிகள். ஒன்று, தத்து செல்லும் என்று அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்கு. அவரையும் எதிர்வாதியாகச் சேர்த்து, நீதிமன்ற அனுமதியோடு பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்கலாம். இரண்டாவது, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி உறவினர் தத்து. இதில் ‘உறவினர்’ என்றால் அப்பா வழி அல்லது அம்மா வழி மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி, தாத்தா, பாட்டி முறையினர். உங்கள் கணவர் தாய்மாமன் என்பதால் தடையில்லை. மத்திய தத்து ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போக வேண்டும். பெற்றவர் சம்மதம் தர இயலாத நிலையில் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியைக் கேட்க இங்கே இடமுண்டு. 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தருகிறார். கர்நாடகத்தில் டி.சி. என்று சொல்லும் டெபுடி கமிஷனர்தான் அவர். கிறிஸ்தவ, முஸ்லிம் வாசகர்களுக்கும் தத்தெடுக்கத் திறந்திருக்கும் வழி இந்தச் சட்டமே.

இரண்டில் எதுவும் முடிய நாளாகும். அதுவரை, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பெங்களூரு குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காப்பாளர் உத்தரவு வாங்குங்கள். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவும். பள்ளியில் அப்பா, அம்மா என்ற இடத்தில் அவசரப்பட்டு உங்கள் பேரை எழுதாதீர்கள். காப்பாளர் என்றே எழுதுங்கள். இன்று எழுதும் பொய்யைத் திருத்துவது, நாளை உண்மையைப் பதிவதைவிடக் கடினம்.

போலீஸ் பயம் வேண்டாம். பெற்றவர்கள் நேரடியாகக் கொடுத்த, கைவிடப்படாத குழந்தை விஷயத்தில் சிறார் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு பாயாது என்று 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு ஒரு தம்பதி மீதான வழக்கை ரத்து செய்திருக்கிறது. ஆனால் நாத்தனாருக்குக் ‘கைம்மாறாக’ எதுவும் கொடுத்திருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். தத்துக்குப் பணம் தருவது இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி குற்றம்.

நாத்தனார் மனசு மாறினால்? செல்லத்தக்க தத்தை அவராலும் ரத்து செய்ய முடியாது, உங்களாலும் முடியாது. மகள் உங்களுக்குப் பிறந்தவளைப் போலவே வாரிசு. ஆனால் நிரூபணம் கையில் வரும்வரை, அவள் பேருக்கு ஆளுக்கொரு உயில் எழுதி வையுங்கள். இன்னொன்று: நாளைக்கு உறவுக்காரர் யாராவது நாத்தனார் மகனைக் காட்டி, ‘அத்தை மகன்தானே, முறைப் பையன்’ என்று பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். தத்துப் போனாலும், பிறந்த வீட்டில் யாரை மணக்கக் கூடாதோ அந்தத் தடை அப்படியே நிற்கும். அவன் அவளுக்கு அண்ணன்தான்.

இரண்டாவது குழந்தை ஆசைக்கும் அதே தத்து ஆதார ஆணையத்தின் இணையதளம்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு இப்போது 83. வருஷத்துக்கு இரண்டு ஏறும். பதிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு என்பதால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். காத்திருப்பு நீளும், வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். ஆனால் கட்டும் கட்டணத்துக்கு ரசீது உண்டு, வரும் குழந்தைக்குக் கணக்கு உண்டு.

பணம் தடையென்றால், பெண் என்ற ஒரே தகுதியிலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் பேசுங்கள். முதல் வேலை அந்தப் போட்டோவைத் தேடுவது. கிடைத்ததும் நகல் எடுத்து நீதிமன்றத்துக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று வையுங்கள். எந்த மடியிலிருந்து எந்த மடிக்கு வந்தோம் என்று அவள் கேட்கும் நாளில், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதற்கு முன், நீங்கள் அதைக் காட்டிச் சொல்லலாம்.