உலக மகளிர் வங்கி பிறந்த கதை

குஜராத் மாநிலத்தில் ஆமதாபாத் நகரம் இருக்கிறது. அங்கே காய்கறி விற்கும் பெண்கள் பலர். பழைய துணி விற்பவர்கள், சுமை தூக்குபவர்கள், கைவண்டி இழுப்பவர்களும் உண்டு. நாள் முழுவதும் உழைப்பார்கள். ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஏன்? வட்டிக்குக் கடன் வாங்கித்தான் தொழில் செய்தார்கள். வந்த லாபம் வட்டிக்கே போய்விடும்.

1972-இல் இந்தப் பெண்களுக்காக 'சேவா' சங்கம் தொடங்கியது. எலா பட் என்ற அம்மையார் இதைத் தொடங்கினார். கடன் கேட்டுப் பெண்கள் வங்கிகளுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு மதிப்பு இல்லை. அதனால் சொந்தமாக வங்கி தொடங்க முடிவு செய்தார்கள். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள். மொத்தம் எவ்வளவு? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உடனே ஒரு தடை வந்தது. வங்கியைப் பதிவு செய்யக் கையெழுத்து வேண்டும். பொறுப்பாளர்களான பெண்களுக்கோ கைநாட்டுதான் தெரியும். அவர்கள் சோர்ந்து போகவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். கையெழுத்தும் போட்டார்கள். 1974-இல் சேவா வங்கி பிறந்தது.

அடுத்த ஆண்டு, 1975-இல், மெக்சிகோ நாட்டில் உலக மகளிர் மாநாடு நடந்தது. ஐக்கிய நாடுகள் சபை அதைக் கூட்டியது. எலா பட் அங்கே போனார். ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டிலிருந்து எஸ்தர் ஒக்லு வந்தார். இவர் இளம் வயதில் அத்தை தந்த 10 ஷில்லிங் பணத்தில் ஆரஞ்சுப் பழமும் சர்க்கரையும் வாங்கினார். ஜாம் செய்து தெருவில் விற்றார். பின்னாளில் உணவுத் தொழிற்சாலையே நடத்தினார். அமெரிக்காவிலிருந்து மிக்கேலா வால்ஷ் வந்தார். இவர் நிதித் துறையில் வேலை செய்தவர்.

நாடு வேறு, மொழி வேறு. ஆனால் எங்கும் குறை ஒன்றுதான். உழைக்கும் பெண்ணை நம்பிக் கடன் கொடுக்க ஆள் இல்லை. இந்தக் குறையைப் போக்க 1979-இல் 'உலக மகளிர் வங்கி' என்ற அமைப்பு பதிவு செய்யப்பட்டது. எஸ்தர் ஒக்லு அதன் குழுவுக்கு முதல் தலைவர் ஆனார். பின்னர் எலா பட்டும் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

பெயரில் 'வங்கி' உண்டு. ஆனால் இது பணம் போட்டு எடுக்கும் வங்கி அல்ல. லாப நோக்கம் இல்லாத அமைப்பு. ஏழைப் பெண்களுக்குச் சேமிப்பும் கடனும் காப்பீடும் கிடைக்க, பல நாட்டு வங்கிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது. நிதி நிறுவனங்களில் பெண்கள் தலைமைப் பொறுப்புக்கு உயரப் பயிற்சியும் தருகிறது.

எஸ்தர் ஒக்லு 2002-இல் மறைந்தார். எலா பட் 2022-இல் மறைந்தார். அவர்கள் தொடங்கிய வேலை தொடர்கிறது.

தலைமை என்பது பெரிய பதவி மட்டும் அல்ல. நம் பணத்துக்கு நாமே கணக்கு வைப்பதும், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வழி தேடுவதும் தலைமைதான்.

கலந்து பேசுவோம்

1. ஆமதாபாத் பெண்களுக்கு ஏன் சொந்த வங்கி தேவைப்பட்டது?
2. அவர்கள் எப்படித் தடையைத் தாண்டினார்கள்?
3. உங்கள் வீட்டில் யார் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது? அதை யார் கவனிக்கிறார்கள்?