எஞ்சியவற்றின் கணக்கு: அமெரிக்க வெள்ளி டாலர் தொகுப்புகள்

நாணயம் சேகரிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, அந்த நாணயம் எத்தனை அச்சிடப்பட்டது என்பதையே. குறைவாக அச்சிடப்பட்டது அரியது, மிகுதியாக அச்சிடப்பட்டது எளிதில் கிடைப்பது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர்களை வரிசையாகத் தொகுக்க முற்படும்போது இந்த எண்ணம் நம்மை ஏமாற்றிவிடும். எத்தனை அச்சாயின என்பதைவிட எத்தனை எஞ்சின, எந்த நிலையில் எஞ்சின என்பதே அங்கு விலையைத் தீர்மானிக்கிறது. எஞ்சாமற்போனவற்றில் மிகப் பெரும் பங்கு நம் நாட்டுக்கு வந்து ரூபாயாக மாறியது என்பது இவ்வரலாற்றில் நமக்குரிய பகுதி.

இரு வரிசைகள்

தொகுப்போர் மிகுதியாக நாடுவன இரண்டு வரிசைகள். முதலாவது மார்கன் டாலர். இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் மார்கன் என்னும் செதுக்குக் கலைஞர் வடிவமைத்த இது, 1878 முதல் 1904 வரையிலும் மீண்டும் 1921-இலும் வெளிவந்தது. இரண்டாவது, முதல் உலகப் போருக்குப் பின் அமைதி திரும்பியதன் நினைவாக வெளியான பீஸ் டாலர். இது 1921 முதல் 1928 வரையிலும், பின்னர் 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் அச்சானது. இரண்டுக்கும் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், வெள்ளி 90 விழுக்காடு, செம்பு 10 விழுக்காடு.

மார்கன் டாலர் கோடிக்கணக்கில் அச்சானதற்கு மக்களின் தேவை காரணமன்று. மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரையிலான மதிப்புக்கு வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அரசைப் பணித்தது. கனமான அந்நாணயத்தை மக்கள் அதிகம் விரும்பவில்லை. வெள்ளிக்கு ஈடாக வெளியிடப்பட்ட காகிதச் சான்றுகளே கைமாறின; டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டப்பட்டு அரசுக் கருவூலங்களில் உறங்கின.

இந்தியாவுக்கு வந்த வெள்ளி

முதல் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1917 நவம்பரில் ஒரு ரூபாய்க் காகித நோட்டு முதன்முதலாக வெளியிடப்பட்டது. எனினும், நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்போர் பெருகினர். நோட்டுக்கு ஈடாக அரசு வைத்திருந்த வெள்ளி இருப்பு விரைந்து குறைந்தது. கேட்டவர்க்கு வெள்ளி கொடுக்க இயலாமற்போனால் நோட்டின் மீதான நம்பிக்கையே குலைந்துவிடும் என்று பிரிட்டிஷ் அரசு அஞ்சி, அமெரிக்காவின் உதவியை நாடியது.

அதன் விளைவாக 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 26 கோடி நாணயங்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்திய ரூபாய் அச்சிடுவதற்காக இங்கு வந்தது. ஒரு டாலரில் இருந்த வெள்ளியைக் கொண்டு அன்றைய இரண்டு ரூபாய்க்குச் சற்று மேலாக அச்சிடலாம். உருக்கிய அளவுக்கு மீண்டும் டாலர் அச்சிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. 1921-இல் மார்கன் டாலர் திரும்ப வந்ததும், அவ்வாண்டின் இறுதியில் பீஸ் டாலர் தொடங்கியதும் அதனாலேயே.

உருக்கியவர்கள் எந்த ஆண்டில் எத்தனை அழிந்தன என்று கணக்கு வைக்கவில்லை. தொகுப்பவரின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏடு சொல்வதும் பெட்டகம் சொல்வதும்

1884-இல் அச்சான இரு நாணயங்களை ஒப்பிடுவோம். கார்சன் சிட்டி நாணயச்சாலை அவ்வாண்டு அச்சிட்டவை 11,36,000. சான் பிரான்சிஸ்கோ அச்சிட்டவை 32,00,000. ஏட்டின்படி முதலாவதே அரியதாக இருக்க வேண்டும். ஆனால் கார்சன் சிட்டி நாணயங்களில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவை பைகளிலேயே தங்கியிருந்து, பின்னாளில் அரசால் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. சான் பிரான்சிஸ்கோ நாணயங்களோ கைமாறித் தேய்ந்தன. ஆகவே, புழங்காத நிலையில் இன்று மிக அரியது 32 லட்சம் அச்சான நாணயமே.

1903-ஆம் ஆண்டின் நியூ ஆர்லியன்ஸ் டாலர் சொல்லும் பாடம் இன்னும் கடுமையானது. அது 44,50,000 அச்சாகியும், பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன என்று நம்பப்பட்டு மிக உயர்ந்த விலைக்கு விற்றது. 1962-இன் இறுதியில் கருவூலப் பெட்டகத்திலிருந்து அதே நாணயம் பை பையாக வெளிவந்தது; விலை சரிந்தது. அரியது என்ற நம்பிக்கைக்கு மட்டும் பெரும்பணம் கொடுத்தவர்கள் இழந்தார்கள். அரிதென்று சொல்லப்படும் எதற்கும், அவ்வாறு சொல்வதற்கு என்ன சான்று என்று கேட்பதே நம் முதற்கடமை.

எங்கிருந்து தொடங்குவது?

முழு மார்கன் வரிசையில் நாணயங்களின் எண்ணிக்கை நூறை நெருங்கும். அதைத் தொடக்க இலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. நாணயச்சாலைக்கு ஒன்றாக ஐந்து நாணயங்களைத் தொகுக்கலாம். மார்கன் டாலரில் சாலைக்குறி கழுகுப் பக்கத்தில் மலர்வளையத்தின் கீழே இருக்கும். குறி இல்லையெனில் பிலடெல்பியா. ஓ எனில் நியூ ஆர்லியன்ஸ். எஸ் எனில் சான் பிரான்சிஸ்கோ. சிசி எனில் கார்சன் சிட்டி. டி எனில் டென்வர். டென்வரில் 1921-இல் மட்டுமே மார்கன் டாலர் அச்சானது.

அடுத்த படி, ஆண்டுக்கு ஒன்றாகத் தொகுப்பது. மார்கனில் 28, பீஸ் டாலரில் 10. பிலடெல்பியாவின் 1895-ஆம் ஆண்டு நாணயம், சேகரிப்போருக்கென்று தனியாக மெருகுடன் அச்சான 880 மட்டுமே. அதை நாடாமல், அவ்வாண்டின் நியூ ஆர்லியன்ஸ் அல்லது சான் பிரான்சிஸ்கோ நாணயத்தைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பலாம். முழு வரிசை ஒன்றை நிறைவு செய்யும் மகிழ்ச்சியை விரும்புவோர்க்குப் பீஸ் டாலர் ஏற்றது. அதில் மொத்தம் 24 நாணயங்களே உள்ளன.

வாங்குமுன் செய்ய வேண்டிய கணக்கு

ஒரு டாலரில் ஏறத்தாழ 24.06 கிராம் தூய வெள்ளி உண்டு. அன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால் உலோக மதிப்பு கிடைக்கும். அதற்கு மேல் நாம் கொடுப்பது அருமைக்கும் நிலைக்கும் உரிய விலை. வெள்ளி விலை ஏறும்போது உலோக மதிப்பும் ஏறும். அருமைக்குக் கொடுத்த பணம் அவ்வாறே திரும்பும் என்ற உறுதி இல்லை. வைப்புநிதிக்கு ஒதுக்கிய பணத்தை இதில் இடுவது தகாது.

போலிகளும் உண்டு. எடையும் விட்டமும் முதற்சோதனை. காந்தம் ஈர்த்தால் அது வெள்ளி டாலர் அன்று. இவற்றைக் கடந்தும் வேறொரு மோசடி நடக்கிறது. 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை ஒரு லட்சமே. ஆகவே பிலடெல்பியாவின் 1893 நாணயத்தில் எஸ் என்ற குறியை ஒட்டி விற்பார்கள். நாணயம் உண்மை, குறி பொய். இத்தகைய விலையுயர்ந்த நாணயங்களை, தரச்சான்று நிறுவனங்கள் சோதித்து உறையிட்ட நிலையில் மட்டுமே வாங்குவது நன்று. உறையின் சான்று எண்ணையும் அந்நிறுவனத்தின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

வாங்கிய நாணயத்தை விளிம்பால் பிடிக்க வேண்டும். கறுத்திருக்கிறது என்று ஒருபோதும் தேய்த்துத் துலக்கக் கூடாது. பளபளப்போடு மதிப்பும் போய்விடும். பி.வி.சி. கலந்த மென்மையான உறைகள் நாளடைவில் நாணயத்தின் மேற்பரப்பைக் கெடுக்கும். வங்கிப் பெட்டகத்தில் வைப்பதாயின், உள்ளிருப்பது என்னவென்று வங்கி அறியாது, அதற்குக் காப்பீடும் செய்யாது. ஆகவே ஒவ்வொரு நாணயத்தின் ஆண்டு, சாலைக்குறி, எடை, வாங்கிய நாள், விலை ஆகியவற்றை எழுதி, இருபுறப் படங்களோடும் இரசீதுகளோடும் வீட்டில் வைத்து, குடும்பத்தில் ஒருவருக்கேனும் தெரிவித்திருக்க வேண்டும். உருகிப்போன 27 கோடி டாலர்களின் ஆண்டுக்கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. நம்மிடம் எஞ்சியிருப்பவற்றின் கணக்கையாவது நாம் எழுதி வைப்போம்.